பாவு நீட்டாமல் சேலை ஏது?

காஞ்சிபுரம் என்றதும் எல்லோருக்கும் பட்டுச்சேலைதான் ஞாபகம் வரும். தறி ஏறுவதற்கு முன்னால் நடக்கிற வேலை யாருக்கும் ஞாபகம் வராது. தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சீர் செய்த பிறகுதான் நெசவே ஆரம்பிக்கும்.

அதே ஊரில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட குழுக்களுக்கு வரும் மாணவர்கள் பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நிரல் எழுதியாச்சு, இணையத்தில் போட்டாச்சு. டெபியன் லினக்ஸில் சேர்ப்பது எப்படி?

முதலில் "இதைப் பொதி கட்டப் போகிறேன்" என்று ஒரு வழு அறிக்கை பதிய வேண்டும். வேறு யாராவது அதே வேலையைச் செய்துகொண்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, மூலநிரலோடு 'டெபியன்' என்ற அடைவைச் சேர்க்க வேண்டும். பொதியின் பெயர், விளக்கம், அதற்குத் தேவையான மற்ற பொதிகள் ஒரு கோப்பில். மாற்றங்களின் வரலாறு இன்னொன்றில். கட்டும் விதிகள் வேறொன்றில். பிறகு, எதுவும் நிறுவாத சுத்தமான சூழலில் கட்டிப் பார்க்க வேண்டும். நம்ம கணினியில் ஓடியது அங்கே ஓடாது. பட்டியலில் எழுத மறந்த நூலகம் அங்கேதான் பல்லிளிக்கும்! லிண்டியன் என்ற கருவி மிச்சக் குறைகளைச் சொல்லும். கடைசியில் டெபியன் உருவாக்குநர் ஒருவர் பார்த்துப் பதிவேற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் புதிய பொதி வரிசையில் காத்திருக்கும். அங்கே முக்கியமாகப் பார்ப்பது உரிமம். தமிழ் எழுத்துருக்களும் மென்பொருட்களும் பல இங்கேதான் மாட்டிக்கொள்ளும். "இலவசம், எல்லோரும் பயன்படுத்தலாம்" என்று நல்ல மனதோடு எழுதியிருப்பார்கள். ஆனால் மாற்றலாமா, மாற்றியதைப் பகிரலாமா, விற்கும் வட்டில் சேர்க்கலாமா? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் டெபியன் அதைத் தொடாது. மலையாளக் கணிமைக் குழுவான எஸ்.எம்.சி. உருவாக்கிய மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துரு டெபியனில் இருக்கிறது. திறந்த எழுத்துரு உரிமத்தோடு வந்ததால் அதற்கு இந்தத் தடை இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 69,000-க்கும் மேற்பட்ட பொதிகள். டெபியனில் சேர்ந்தது பொதுவாக உபுண்டுவுக்கும் போய்விடும். ஒரு கிராமத்துப் பள்ளிக் கணினியிலும் ஒரே கட்டளையில் நிறுவலாம். எழுதியவர் வேறு வேலைக்குப் போனாலும் இன்னொருவர் பராமரிக்கலாம். எழுதியவரின் தளத்தில் மட்டும் கிடக்கும் மென்பொருள், தளம் மூடினால் அதோடு போச்சு.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் விழுப்புரத்திலேயே மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே வருடம் செப்டம்பரில் கொச்சியில் உலக டெப்கான்ஃப்.

தமிழுக்கு ஏதாவது செய்யணும் என்று நினைப்பவர்கள் புதிதாக ஒன்றை எழுதும் முன், ஏற்கனவே எழுதியதில் உரிமக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்!