கல்முனையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு, நெசவுக்குப் பேர்போன மருதமுனையைக் கடந்து கல்முனையை அடைகின்றது. மேற்கே வயல்வெளி, கிழக்கே சிறிது நடந்தால் கடல். அக்கடலின் உப்புக்காற்று இவ்வூரில் எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கதவுக் கீல் முதல் கூரைத்தகடு வரை எல்லாம் அதற்கு இரைதான்.

நண்பர் ஒருவரின் கொட்டிலில் அவருடைய வாப்பா ஓட்டிய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் கிடந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தபோது வண்டி கடல்நீரில் மூழ்கிற்று. வாப்பாவும் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. பல ஆண்டுகள் அதனைத் தொடாதிருந்த நண்பர், ஒருநாள் மெக்கானிக்கை அழைத்துவிட்டார். நானும் உடனிருந்தேன்.

இயந்திரம் எளிதில் இணங்கிற்று. முன் சில்லைத் தாங்கும் இரு கால்களே இறுகிப்போயிருந்தன. ஒவ்வொரு காலும் ஒன்றினுள் ஒன்று வழுக்கும் இரு குழாய்கள். உள்ளேயுள்ள ஸ்பிறிங் பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்கும். சிறு துவாரங்களின் வழியே நெருக்குண்டு செல்லும் ஒயில் அந்த ஸ்பிறிங்கின் துள்ளலை அடக்கும். ஒயிலால் அடங்கும் இவ்வகை முன்கால்களை 1935இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டிகளிற் பொருத்திற்று.

பெட்டியொன்றை முட்டுக்கொடுத்துச் சில்லைக் கழற்றி, அடியிலிருந்த ஆணியைத் திறந்தார் மெக்கானிக். ஒயில் வரவில்லை. கோப்பி நிறத் தண்ணீர் வடிந்தது. அதனுடன் ஒரு சிட்டிகை கடல்மணலும். நண்பர் அந்த மணலை விரலிடையே தேய்த்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார்.

மண்ணெண்ணெயிற் கழுவிய குழாய்களைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்தோம், வளைவு இல்லை. ஆனால் தகட்டுறை மூடியிருந்த இடத்தில், சீல் உரசும் பரப்பெங்கும் அம்மைத் தழும்புபோலத் துருக்குழிகள்.

“காக்கா, வாப்பாட சாமான். உரஞ்சிப் போட்டு இதையே பூட்டுங்களேன்” என்றார் நண்பர்.

மெக்கானிக் நகத்தைக் குழியில் ஓட்டிக் காட்டினார். “இது அரம் மாதிரி, தம்பி. புதுச் சீலையும் ஒரு கிழமையில அறுத்துப்போடும். ஒயில் போனா, பிறேக் பிடிக்கக்குள்ள முன்சில்லு ரோட்டில நிக்காது. வாப்பா இருந்தாலும் பூட்ட விடமாட்டார்.”

அதற்கு மறுமொழி இல்லை. கொழும்பிலிருந்து வேறு குழாய்கள் வர மூன்று வாரமாயிற்று. பிள்ளைக்குப் பால் கரைக்கும் போத்தலிலே ஒயிலை அளந்து, இரு கால்களுக்கும் துளி பிசகாமல் ஊற்றினார் மெக்கானிக். ஒன்றிற் கூடினும் குறையினும் வண்டி சரிவர ஓடாதாம். அந்தப் போத்தல் எந்த வீட்டிலிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை.

மாலையிலே சாய்ந்தமருது, காரைதீவு கடந்து நிந்தவூர் வரை போய் வந்தோம். பள்ளங்களில் வண்டி மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது. திரும்பியதும் நண்பர் பழைய குழாய்களைச் சாரமொன்றிற் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார். மெக்கானிக் அதைப் பார்த்தும் பாராதவர்போல், “கிழமைக்கொருக்கா நல்ல தண்ணியால கழுவி, எண்ணெய்ச் சீலையால துடையுங்க. கடல் அங்கதானே இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கருவிகளைப் பொறுக்கலானார்.