தம்பியின் கித்தார்

சித்தன்னவாசல் குன்றைப் பார்த்தபடி அமைந்த நம் சிற்றூரில், வெள்ளிக்கிழமை மாலைகளில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் அறுபத்தெட்டு வயதுக் கிழவர் ஒருவரும் புளியமரத்தடியில் ஒரு கைபேசியின் முன்னே அமர்ந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். சிறுமி நம் தம்பி மகள். கிழவர் நாமே. வீட்டிற்குள் இணையம் சரிவர எட்டுவதில்லை; மரத்தடியில் எட்டுகிறது. சிறுமியின் மடியில் ஒரு கித்தார். நம் மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆடு மேய்ப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுச் செல்வார்கள். நாமும் கித்தார் பழகுவதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையன்று.

எங்கள் ஊர்க் கோவில் ஒரு கிளைப்பங்கு. பங்குத்தந்தை மாதம் இருமுறை வந்து திருப்பலி நிறைவேற்றுவார். கீபோர்டு வாசித்த இளைஞர் பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றபின், பாடகர் குழுவினர் துணையின்றிப் பாடலாயினர். வருகைப் பாடல் ஒரு சுருதியில் தொடங்கி வேறொரு சுருதியில் போய் முடியும். நன்றிப் பாடலில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் நிற்பார்கள். இடத்தால் மட்டுமன்று, சுருதியாலும். இந்நிலையில்தான் ஒருநாள் தம்பி மகள் பீரோவின் மேலிருந்து அந்தக் கித்தாரை இறக்கினாள். “பெரியப்பா, இத நான் கத்துக்கிட்டா கோயில்ல வாசிக்கலாமா?” என்று கேட்டாள்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் கித்தார் அவள் தந்தையினுடையது. 1989ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞனாக, முதற்சம்பளத்தில் அதை வாங்கி வந்தான் நம் தம்பி. அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் வாசிக்கட்டுமா என்று கேட்டான். நாம் அப்போது பள்ளி ஆசிரியர். பாடகர் குழுவின் பொறுப்பும் நம்மிடமே. “இது சினிமா வாத்தியம், கோவிலுக்கு ஆர்மோனியம் போதும்” என்று சொல்லிவிட்டோம். அவன் மறுமுறை கேட்கவில்லை. இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து தனியே வாசிப்பான். ஒருநாளேனும் அருகே அமர்ந்து நாம் கேட்டதில்லை. காலந்தாழ்ந்து மணமுடித்து, ஒரே மகளை எட்டு வயதில் விட்டுவிட்டு, 2019இல் இறைவனடி சேர்ந்தான்.

நாம் சொன்னது திருச்சபையின் சொல்லன்று என்பது பின்னாளில்தான் நமக்கு விளங்கியது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, தன் 120ஆம் எண்ணில் குழல் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளிக்கிறது. அதே எண்ணில், இறைவழிபாட்டிற்கு ஏற்றவையாக உள்ள, அல்லது ஏற்றவையாக்கப்படக்கூடிய, பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. அதற்கும் முன்பே, 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர்க் கோவிலில், உலகமெங்கும் இன்று பாடப்பெறும் அந்த அமைதியான இரவின் பாடல் முதன்முதல் ஒலித்தபோது உடன் ஒலித்தது கித்தாரே. பாடலை எழுதிய ஜோசப் மோர் ஒரு குரு. மெட்டமைத்த ஃபிரான்ஸ் கிரூபர் ஓர் ஆசிரியர். ஓர் ஆசிரியர் செய்ததை இன்னோர் ஆசிரியர் தடுத்தார் என்பதுதான் நம் கதை.

ஆகவே “வாசிக்கலாம்” என்றோம். கற்பிப்பவர் யார்? புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். மாலை வகுப்பு முடிந்தால் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்னும் கவலை, பெண்பிள்ளை. எனவே இணையத்தில் தேடினோம். தேடத் தேடப் பாடங்கள் கிடைத்தன. நல்ல பாடம் எது என்பதை அறியத்தான் ஓராண்டு பிடித்தது.

முதற்பாடம் திரையில் இல்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். துருவேறிய கம்பிகளை அழுத்தி இரண்டே நாளில் அவளுடைய விரல் நுனிகள் கன்றிப்போயின. தொடக்கத்தில் எல்லாருக்கும் வலிக்கும் என்று திரையில் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் இது அளவுக்கு மீறிய வலி. திருச்சியில் வாத்தியம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததால் கம்பிகள் விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்து நிற்கின்றன, பெரியவர் அழுத்தினாலும் வலிக்கும் என்றார். பாலத்தின் மேலுள்ள எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்தி, மெல்லிய கம்பிகளை மாற்றிக் கொடுத்தார். அன்று மாலையே ஈ மைனர் தெளிவாக ஒலித்தது. பழைய வாத்தியத்தோடு போராடிவிட்டுத் தமக்கு இசை வராது என்று ஒதுங்கியவர்கள் எத்தனை பேரோ!

இனித் திரைக்கு வருவோம். முதலில் அவள் பார்த்தவை பத்து நிமிடத்தில் ஒரு திரைப்பாட்டை வாசிக்கக் கற்பிக்கும் தமிழ்க் காணொளிகள். அவற்றைக் குறைகூற நமக்கு மனமில்லை. முதல் வாரத்தின் மகிழ்ச்சியை அவையே தந்தன. ஆனால் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் தொடர்பில்லை. ஏழாம் படியை ஏறச் சொல்லிவிட்டு மறுநாள் இரண்டாம் படிக்கு அழைப்பார்கள். பின்னர் ஒரு தளத்திற்கு ஓராண்டுக் கட்டணத்தை நம் ஓய்வூதியத்திலிருந்து கட்டினோம். முதல் மூன்று பாடங்கள் பளபளத்தன. அதன்பின் எவரோ எப்போதோ பேசிய துண்டுகள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மடலுக்கு இன்றுவரை விடையில்லை.

ஒழுங்கான பாடம் இலவசமாகவே கிடைத்தது நமக்கு வியப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்து இங்கிலாந்தில் கற்பித்த ஜஸ்டின் சாண்டர்கோ என்பவர் 2003இல் தொடங்கிய தளம் அது. தொடக்கநிலைப் பாடங்களுக்குக் கட்டணமில்லை. ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் மேல் நிற்கிறது. இரண்டு கார்டுகளுக்கிடையே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை விரல் மாற்ற முடிகிறது என்று எண்ணச் சொல்கிறார். அந்த எண்ணிக்கைதான் நம் நாற்பது பக்க நோட்டில் ஏறியது. டியிலிருந்து ஏவுக்கு முதல் நாள் 9. பன்னிரண்டாம் நாள் 31. தேர்வுத்தாள் திருத்திய கை; எண்களைக் கண்டால் அதற்கு ஒரு தெம்பு.

ஆயினும் பாடம் ஆங்கிலத்தில். அவள் தமிழ்வழியில் படிப்பவள். “பெரியப்பா, இவர் ரொம்ப வேகமாப் பேசுறார்” என்பாள். நாம் நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கினோம். ஃப்ரெட் கம்பியின் மேலன்று, அதை ஒட்டிப் பின்னால் அழுத்து. விரல் படுக்காமல் நிற்கட்டும். அடுத்த கம்பியின் வாயை மூடாதே. இப்படித்தான், ஒரு சுரமும் வாசிக்கத் தெரியாத நாம், கித்தார் பாடத்தில் நுழைந்தோம்.

நான்காம் மாதத்தில் அவளுடைய இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. திரையில் இருப்பவர் ஆயிரமாயிரம் பேருக்குக் கற்பிக்கிறார். அவளை அவர் பார்க்கவில்லை. ஒலிவாங்கி வழியே கேட்டுச் சரி, தவறு சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. அவை சுரத்தைக் கேட்கும், மணிக்கட்டைக் காணா. அந்நாள்களில்தான் ஒருமுறை குடுமியான்மலைக்குச் சென்றோம். சித்தன்னவாசலிலிருந்து அன்னவாசல் வழியே சென்றால் அதிகத் தொலைவில்லை. சிகாநாதர் கோவிலில், குடைவரையை ஒட்டிய பாறைமுகத்தில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரங்கள் நான்கு நான்காகக் கோத்து வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியார் என்பவரின் மாணவரான ஓர் அரசர், சீடர்களின் நலனுக்காக இதைச் செய்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்னும் பொருளில் ஒரு சிறு தமிழ் வரியும் உண்டு. நரம்புகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது என்பாருளர். பரிவாதினி என்னும் ஏழு நரம்பு வீணையின் பெயர் இம்மாவட்டத்துத் திருமயத்திலும் மலையக்கோயிலிலும் பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆக, நரம்புக் கருவிப் பாடத்தை ஆசிரியர் இல்லாத இடத்திலும் மாணவர் காணும்படி பொதுவில் வைத்தவர்கள் நம் மண்ணில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர். கட்டணமும் இல்லை. ஆனால் சுரங்களின் உயிரெழுத்து மாறிமாறி வருவதற்கும், சிலவற்றின் மேல் புள்ளி இருப்பதற்கும் என்ன பொருள் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பாடம் பாறையில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டி, “அப்படியன்று, இப்படி” என்று திருத்திய ஆசிரியர் வரிசை அறுந்துவிட்டது. தம்பி மகள் பாறையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுவும் நம்ம வீடியோ மாதிரிதான் பெரியப்பா, சந்தேகம் கேட்க முடியாது” என்றாள்.

வீடு திரும்பியதும் சென்னையிலுள்ள ஆசிரியர் ஒருவரை விசாரித்துப் பிடித்தோம். 2020இன் ஊரடங்கில் நேர்வகுப்பை இழந்து காணொளி வகுப்புக்கு மாறியவர்களுள் அவரும் ஒருவர். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, அரைமணி நேரம். முதல் நாளே கைபேசியைப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னார். நேரே வைத்திருந்தவரை எவருக்கும் தெரியாத பிழை அப்போது தெரிந்தது. கித்தாரின் கழுத்து தரையை நோக்கிச் சாய்ந்திருந்ததால் மணிக்கட்டு மடங்கியிருந்தது. கழுத்தை உயர்த்து, கட்டைவிரலைப் பின்னால் வை என்றார். மூன்று வாரத்தில் வலி நின்றது. இணையத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க இயலாது. அவள் வாசிப்பாள், அவர் கேட்பார். அந்த அரைமணி நேரமும் இலவசப் பாடங்களும் சேர்ந்து போதுமானவையாயின.

மற்ற ஆறு நாள்களிலும் கேட்பவர் வேண்டுமே என்று ஆசிரியர் கேட்டார். “வீட்டில் யாராவது அருகே உட்காருங்கள். இசை தெரிய வேண்டியதில்லை; எங்கே தடுமாறுகிறாள் என்று சொன்னால் போதும்” என்றார். அன்றுமுதல் நாம் உட்காருகிறோம். திண்ணையில், தம்பி அமர்ந்த அதே இடத்தில் அவள், எதிரே நாம். முப்பது ஆண்டுகள் நமக்கு நேரமில்லாதிருந்தது.

சுருதி கூட்டுவதற்குக் கைபேசியில் முள் காட்டும் செயலி உண்டு. ஆசிரியர் அதை மாதக் கணக்கில் தடுத்தார். ஆறாம் கம்பியின் ஐந்தாம் கட்டில் எழும் ஒலியே ஐந்தாம் கம்பியின் ஒலி. இப்படியே மேலே போக வேண்டும். மூன்றாம் கம்பிக்கு மட்டும் நான்காம் கட்டு. முதலில் வாயால் முனகு, பிறகு கம்பியை முறுக்கு என்றார். அவளுக்கு முனக வெட்கம்.

அந்த வெட்கம் தீர்ந்தது சித்தன்னவாசலில். தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் திளைக்கும் ஓவியத்தைக் காணத்தான் எல்லாரும் அறிவர் கோயிலுக்கு வருகிறார்கள்; 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சமணர் கைவண்ணம் அது. உள்ளே சிறு கருவறை ஒன்று உண்டு. அதில் நின்று வாய்மூடி முனகுமாறு அங்கிருந்த காவலர் சொன்னார். நாம் முனகினோம், ஒன்றுமில்லை. அவள் சற்றுத் தாழ்த்தி முனகினாள். ஒரு குறிப்பிட்ட சுருதியை அவள் தொட்டதும் அறை முழுவதும் ரீங்கரித்தது; மார்பெலும்பு வரை அதிர்ந்தது. அரைச் சுரம் விலகினால் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப அந்த ஒலியைத் தேடிப்பிடித்தாள். வெளியே வந்து படியிறங்கும்போது, “கித்தாருக்குள்ளயும் இப்படி ஒரு ரூம்தான இருக்கு பெரியப்பா” என்றாள்.

இவ்வாண்டுத் தவக்காலத்தில் பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டோம். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம், தனியே வாசிக்கலாகாது என்னும் விதியை அவர் நினைவூட்டினார். தனியே வாசிக்க அவளுக்கு எதுவும் தெரியாது என்றோம், சிரித்துவிட்டு இசைந்தார்.

அந்த ஞாயிற்றில் அவள் அறிந்திருந்தவை நான்கே கார்டுகள். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய எஃப் இன்னும் வசப்படவில்லை. அது வருமிடத்தில் கையை எடுத்துவிடுமாறு ஆசிரியர் சொல்லியிருந்தார். வருகைப் பாடல் எந்தச் சுருதியில் தொடங்கியதோ அதே சுருதியில் முடிந்தது. காணிக்கைப் பாடலில் இரண்டு இடங்களில் கித்தார் நின்றது. மக்கள் நிற்காமல் பாடினர். நாம் வழக்கம்போல் முன்வரிசையில் நில்லாமல், அவளுக்கு இரண்டடி பின்னே நோட்டும் பென்சிலுமாக நின்று, அவ்விரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டோம்.