சமையல்காரரின் சாமான் லிஸ்ட்டும் நடுராத்திரி எஸ்.எம்.எஸ்ஸும்

போன வாரம் பக்கத்து ஃப்ளாட் தம்பி காபிக்கு வந்திருந்தார். சேலத்துக்காரர், புனேக்கு வேலைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. "அண்ணா, இந்த டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்னு சொல்றாங்களே, இன்டர்வியூல மனப்பாடமா ஒப்பிச்சுட்டேன். ஆனா அது எதுக்குன்னு இன்னும் புரியலை"ன்னார். அவர் காபி ஆறிப்போற அளவுக்குப் பேசிட்டேன். தங்கமணி உள்ளேயிருந்து "அந்தப் பிள்ளையக் குடிக்க விடுங்க"ன்னு குரல் கொடுத்தப்புறம்தான் நிறுத்தினேன். பேசினதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பொட்டி தட்டாத மக்களும் பயப்படாம படிக்கலாம், இதுல பாதி போன் எடுத்த கதைதான்.

கொசுவத்தியைச் சுத்துறேன். வருஷம் 2019, ஹிஞ்சவாடியில ஆபீஸ். டூவீலர் கடன் கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிக்கிட்டிருந்தோம். அதுல தவணை தவறினவங்களுக்கு லேட் ஃபீ போடுற சர்வீஸ் என்னோடது. 5-ம் தேதி கெடு, மூணு நாள் சலுகை, 9-ம் தேதியிலிருந்து அபராதம். ராத்திரி 2 மணிக்கு அது தானா முழிச்சுக்கிட்டு, கட்டாதவங்களைக் கண்டுபிடிச்சு, எஸ்.எம்.எஸ் அனுப்பிட்டுத் தூங்கப் போயிடும்.

இதை டெஸ்ட் பண்றது பெரிய கூத்து. இன்னைக்கு என்ன தேதின்னு அந்தக் கோடு நேரா கம்ப்யூட்டரைக் கேட்டுக்கும். அதனால 9-ம் தேதி என்ன ஆகுதுன்னு பார்க்கணும்னா டெஸ்ட் சர்வரோட தேதியையே 9-க்கு மாத்தணும். எஸ்.எம்.எஸ் அனுப்புற சாமானையும் அதே கோடுதான் உள்ளுக்குள்ளேயே 'நியூ' போட்டு உருவாக்கிக்கும், நிஜ கம்பெனியோட நிஜ சாவியோட. எழுதினது நான்தான், வேற யாரையும் சொல்லலை. டேட்டாபேஸ் மட்டும் எங்களுக்குன்னு தனியா இருந்துச்சு, அதுவும் முந்தின ஞாயித்துக்கிழமை நிஜத்துலேருந்து எடுத்த நகல். பேரும் போன் நம்பரும் நிஜ ஆளுங்களோடது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேதியை 9-க்குத் தள்ளிட்டு டெஸ்ட் பண்ணினேன். எல்லாம் சரியா வந்துச்சு. தேதியைப் பழையபடி மாத்தாம ஆபீஸ் பஸ்ஸைப் பிடிச்சுட்டேன்.

ராத்திரி சர்வீஸ் முழிச்சுக்கிச்சு. அது கையில இருந்த நகல்ல அந்த வாரம் பணம் கட்டின யாருமே இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு "உங்கள் தவணை வரவில்லை, அபராதம் 450 ரூபாய்"னு மெசேஜ் போயிடுச்சு.

காலையில எட்டு மணிக்கெல்லாம் கால் சென்டர் நிரம்பி வழியுது. ஆள் பத்தலை. டேமேஜர் என்னைத் திட்டக்கூட இல்லை, ஒரு ஹெட்செட்டைக் கையில கொடுத்து உட்காருன்னுட்டார். என் ஹிந்தி உங்களுக்குத் தெரியாது, ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசுற அளவுக்குத்தான் வரும். மராத்தி அதுவும் இல்லை. அன்னைக்கு நாப்பது ஐம்பது பேர்கிட்ட பேசியிருப்பேன். திட்டினவங்களை எல்லாம் மறந்துட்டேன். சாத்தாரா பக்கத்துலேருந்து ஒரு அம்மா பேசினாங்க. 3-ம் தேதியே கட்டியாச்சாம், ரசீது கையில இருக்காம். "பையா, பைசா தோ பர் தியா தா"ன்னு அதையே மூணு தடவை சொன்னாங்க, நான் நம்ப மாட்டேன்னு நினைச்ச மாதிரி. வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து, பக்கத்து வீட்டுல 450 ரூபா கடன் வாங்கி, கிளை திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் பேசுறாங்க. கட்ட வேண்டாம், எங்க தப்புன்னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாக்கு வறண்டு போச்சு.

திங்கக்கிழமை அந்தக் கோடைப் பிரிச்சுப் போட்டேன். தம்பிகிட்ட இந்த இடத்துலதான் சமையல்காரர் கதையைச் சொன்னேன்.

எங்க அக்கா கல்யாணம் அம்பாசமுத்திரத்துல நடந்தது. சமையலுக்குப் பேசின ஆள் கடைக்கெல்லாம் போக மாட்டார். ஒரு மாசம் முன்னாடியே சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுத்துடுவார்: துவரம்பருப்பு இத்தனை கிலோ, நெய் இத்தனை டின், விறகு இவ்வளவுன்னு. வாங்கி உக்கிராணத்துல வைக்கிறது வீட்டுக்காரங்க பொறுப்பு. அவருக்கு நெய் எந்தக் கடையிலிருந்து வந்துச்சுன்னு கவலை இல்லை, நெய்யா இருந்தாச் சரி. அவரே கடைக்குப் போய் வாங்குறவரா இருந்தா, அவர் கைப்பக்குவம் எப்படின்னு பார்க்க அரைப்படி பாயசம் வச்சுக் காட்டச் சொன்னாலும் கல்யாணச் செலவு ஆகியிருக்கும்.

டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் இவ்வளவுதான். சர்வீஸ் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கக் கூடாது, லிஸ்ட் கொடுக்கணும். அந்த லிஸ்ட்டுக்குப் பேர்தான் கன்ஸ்ட்ரக்டர். என் சர்வீஸோட லிஸ்ட்டுல மூணே மூணு: கடன் பதிவேடு, மெசேஜ் அனுப்புற ஆள், கடிகாரம்.

கடிகாரமான்னு தம்பி கேட்டார். ஆமா, அதுவும் வெளியிலிருந்து வர்ற சாமான்தான். ஜாவா 8-ல, அதாவது 2014-லேயே, இதுக்குன்னு க்ளாக் ஒண்ணு கொடுத்துட்டாங்க. எந்த நாள், எந்த மணின்னு சொல்லி அதை அப்படியே உறைய வைக்கலாம். நான்தான் அஞ்சு வருஷமா கண்டுக்கலை. மெசேஜுக்கு ஒரு போலி ஆள்: அனுப்பச் சொன்னா அனுப்பாம ஒரு பட்டியல்ல எழுதி வச்சுக்குவான். டெஸ்ட் சர்வரிலும் அதே மாதிரி ஒருத்தன்தான், ஃபைல்ல எழுதிட்டுச் சும்மா இருப்பான். தேதி எப்படித் தப்பிப் போனாலும் யார் போனும் அடிக்காது.

முதல்ல எழுதின டெஸ்ட் அந்த அம்மாவோடது. 3-ம் தேதி பணம் கட்டியாச்சு, இன்னைக்கு 9, பட்டியல் காலியா இருக்கணும். நடந்த கோளாறுக்கும் இந்த டெஸ்ட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் அதைத்தான் எழுதத் தோணுச்சு.

முன்னே ஒரு சாயங்காலம் முழுக்க ஆன வேலை, இருநூறு டெஸ்ட், மூணு நாலு செகண்ட்ல முடிஞ்சுது. கூடவே ஒரு பூதமும் கிளம்புச்சு. நிஜ சர்வர் ஓடுறது யுடிசி நேரத்துல, நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நம்ம ராத்திரி 2 மணி அதுக்கு முந்தின நாள் எட்டரை. அப்படியே கடிகாரத்தை வச்சு டெஸ்ட் எழுதினா, 9-ம் தேதி வர வேண்டிய அபராதம் வரலை! நாங்க தேதியை மாத்தி டெஸ்ட் பண்ணினது எல்லாம் பகல்ல, அதனால கண்ணுல படவே இல்லை. அதுவரைக்கும் கடன் வாங்கினவங்களுக்கு மாசாமாசம் ஒரு நாள் ஓசியில கிடைச்சிருக்கு. சந்தோஷம்தான்.

இந்தப் பேரை வச்சது மார்ட்டின் ஃபௌலர், 2004 ஜனவரியில எழுதின கட்டுரையில. ஸ்பிரிங்கோட 1.0 பதிப்பும் அதே வருஷம் மார்ச்சுல வந்துச்சு. ஸ்பிரிங்தான் உக்கிராணச் சாவி வச்சிருக்கிற மாமா, யாருக்கு என்ன வேணும்னு பார்த்து எடுத்துக் கொடுத்துடுவார். மாமா இல்லாமலும் கல்யாணம் நடக்கும், டெஸ்ட்டுல நான் அவரைக் கூப்பிடுறதே இல்லை. நிறைய பேர் கன்ஸ்ட்ரக்டர் எழுதச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு ஃபீல்டு தலையிலயும் 'ஆட்டோவயர்ட்' ஒட்டிடுறாங்க. எனக்கு அது பிடிக்காது. லிஸ்ட் கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது. கன்ஸ்ட்ரக்டர்ல பதினோரு சாமான் வரிசையா நின்னாத்தான் இந்த ஆள் ஒருத்தரே சமையல், பந்தல், நாதஸ்வரம் எல்லாம் பார்க்கிறார்னு நமக்கு உறைக்கும்.

ரொம்பப் பெருமைப்பட்டுக்க முடியலை. வணிக எஸ்.எம்.எஸ்ஸுக்கு அனுப்புநர் பேரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும்னு டிராய் 2018-லேயே விதி போட்டிருந்துச்சு. 2021 மார்ச் 8-ம் தேதி டெலிகாம் கம்பெனிங்க பதிவோட ஒத்துப்போகாத மெசேஜை நிறுத்த ஆரம்பிச்சாங்க. நாடு பூரா ஓடிபி வரலை, பேங்க் மெசேஜ் வரலை. மறுநாளே டிராய் அதை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுச்சு. எங்களுக்கும் ஒண்ணும் போகலை. ஆனா என் டெஸ்ட் இருநூறும் பச்சைப் பசேல்னு இருந்துச்சு. என் போலி ஆள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிறவனாச்சே! அப்போ வீட்டிலிருந்துதான் வேலை. தங்கமணி எட்டிப் பார்த்து "இந்தத் தடவையும் நீங்கதானா?"ன்னாங்க.

அதுக்கப்புறம் நிஜமா மெசேஜ் அனுப்பிப் பார்க்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு சேர்த்தேன். தினம் காலையில 6 மணிக்கு என் நம்பருக்கு மட்டும் போகும். பதிவு பண்ணின வாசகத்தைத்தான் அனுப்ப முடியும்கிறதால "உங்கள் தவணை நிலுவையில் உள்ளது"ன்னே வரும். எனக்குப் பழகிடுச்சு, பார்க்காமலே தள்ளி விட்டுடுவேன்.

போன தீபாவளிக்கு அப்பா இங்கே வந்திருந்தார். மூணாவது நாள் காலையில பால்கனியில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். என் போனைக் கொண்டு வந்து பக்கத்துல வச்சுட்டு, தங்கமணி அடுக்களையில இருக்காங்களான்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எல, கடன் கிடன் எதும் வாங்கிருக்கியா? எவ்வளவுன்னு சொல்லு, ஊர்ல பாத்துக்கிடலாம்."