கோட்டுக்கு வெளியே யானைத்தடம்

காப்புக்காட்டு எல்லையை அளக்கப் போகிறவன் முதலில் கையில் எடுக்க வேண்டியது பழைய அரசிதழ் அறிவிக்கை. 1882 வனச் சட்டத்தின் கீழ் காட்டை ஒதுக்கியபோது, கோடு எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்குப் போகிறது, எந்த ஓடையை ஒட்டித் திரும்புகிறது என்று எழுதி வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு புதருக்குள் கற்குவியலைத் தேட வேண்டும். ராயக்கோட்டைப் பக்கம் எங்கும் பாறை. எது எல்லைக் குவியல், எது கொல்லையைத் திருத்தியவர்கள் ஒதுக்கிப் போட்ட கல் என்று பார்த்ததும் சொல்ல முடியாது. வனக்காப்பாளரோடு ஊர்ப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போவேன். குவியல் சிதைந்திருந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கற்களிலிருந்து தூரமும் கோணமும் பிடித்து இடத்தை நிறுத்துவோம். டிஜிபிஎஸ் கருவியை வைத்து அளப்பது அதற்குப் பிறகுதான்.

சாலைக்காகக் காட்டு எல்லையை மாற்றிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்வார்கள். கல் நகர்வதில்லை. 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசு தருவது, அந்தத் துண்டை வேறு பயனுக்கு விடும் ஒப்புதல் மட்டுமே. தார் போட்ட பிறகும் ஆவணத்தில் அது காப்புக்காடுதான். சரணாலய எல்லையை மாற்ற தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். காவிரி வடக்கு சரணாலயத்துக்கும் இதே விதி. அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே ஸ்டெஹெக்கின் பள்ளத்தாக்குச் சாலையை 2003 வெள்ளம் அடித்துப்போனது. பாதுகாக்கப்பட்ட காட்டின் எல்லை சாலையை ஒட்டியே இருந்ததால் சாலையைத் தள்ளிப் போட வழியில்லை. எல்லையையே நகர்த்த மசோதா கொண்டுவந்தார்கள். நம் ஏற்பாடு அதைவிட நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் பகுதியில் சிக்கல் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. ராகி அறுப்புக் காலத்தில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக யானைகள் சானமாவு காட்டுக்கு வருகின்றன. அங்கிருந்து பிரிந்து உத்தனப்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கம் இறங்குகின்றன. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம், ரோஜாப் பசுமைக்குடில், எல்லாம் பட்டா நிலம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரி போகும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இந்த நிலங்களுக்கு நடுவேதான் போகிறது. இப்படி ஒரு சாலைக்கு எத்தனை ஹெக்டேர் காடு போகும் என்று கேட்டால் அளந்து தரும் எண் சிறியதாக இருக்கும். அது சரியான எண்தான். யானைக் கூட்டம் இரவில் சாலையைத் தாண்டும் பட்டா நிலம் மட்டும் அந்தக் கணக்கில் வராது.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்து மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தனித்து நின்றன. காட்டு வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இடத்தில் யானையே கிடையாது.

அதனால் அளவைக்குப் போகும் ஊரில் ராகிக் காவல் இருப்பவர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் கேட்டு, சாணம், தடம், சாய்ந்த வேலி எல்லாம் பார்த்து, யானைகள் கடக்கும் இடங்களைத் தனித்தாளில் குறித்து வரைபடத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன். படிவம் கேட்காத தாள் அது. சாலையின் கோடு முடிவாகும் முன்பே அது பொறியாளர் மேசைக்குப் போக வேண்டும். நடுவே கான்கிரீட் தடுப்பு எழுந்துவிட்டால் குட்டியோடு வரும் யானை சாலையிலேயே மாட்டிக்கொள்ளும். சுரங்கப்பாதை கட்டினாலும் இரு பக்கமும் மனைப்பிரிவு போட்டுவிட்டால் அதன் வாய்வரை யானை வந்து சேர வழியிருக்காது.