கோரிமேட்டு இறக்கத்தில்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் சாலையில் கோரிமேடு என்று ஓர் இடம் உண்டு. 1954-ஆம் ஆண்டு வரையில் அங்கே இரண்டு ராஜ்யங்கள் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நின்றன. இன்று அது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிப் பிரதேசத்துக்கும் எல்லை. பெயருக்கேற்ப மேடான பூமி, செம்மண் நிலம். அங்கிருந்து சாலை கடலை நோக்கி இறங்குகிறது. எத்தனையோ முறை பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன். இறக்கம் என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. சென்ற கோடை விடுமுறையில்தான் தோன்றிற்று.

என் மைத்துனரிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1941 முதல் அமெரிக்கர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்களே, அந்த வம்சத்தில் பிற்காலத்தில் தோன்றிய வண்டி. அதைப் புதுச்சேரியில் கொண்டு சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. துணைக்கு மைத்துனரின் மகன். பதினாறு வயதுப் பையன்.

கோரிமேட்டை நெருங்கும்போது வண்டியின் அடியிலிருந்து, யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் எழுந்தது. நல்லவேளையாகச் சாலையோரத்திலேயே ஒரு பட்டறை இருந்தது. மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பின்பக்கத்துத் தண்டின் கிராஸ் தேய்ந்துபோச்சு, ஐயா. இது கிரீஸைக் கண்டு எத்தனை வருஷமோ! இப்படியே ஓட்டினால் தண்டு அறுந்து ரோட்டிலே குத்தும். வண்டியே தூக்கி எறிந்துவிடும்."

மாற்றுச் சாமான் மறுநாள்தான் கிடைக்குமாம். நான் முகம் வாடியதைப் பார்த்து அவர் சிரித்தார். "கவலைப்படாதீங்க. பின்தண்டைக் கழற்றிவிடறேன். முன்சக்கரத்தை வைத்தே ஊர் போய்ச் சேரலாம்."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆனால் விஷயம் எளியது. ஜீப்பில் கியர் பெட்டியை ஒட்டி இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதிலிருந்து பின்னச்சுக்கு ஒரு தண்டும் முன்னச்சுக்கு ஒரு தண்டுமாக இரண்டு தண்டுகள் போகின்றன. சாதாரணமாகப் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளும். சேறும் மணலும் வந்தால், ஒரு சிறிய லீவரைத் தள்ளி முன்சக்கரங்களையும் வேலைக்கு இழுத்துக்கொள்ளலாம். பின்தண்டைக் கழற்றிய பிறகு அந்த லீவரைப் போட்டால் முன்சக்கரங்கள் மட்டும் தனியே நின்று வண்டியை இழுக்கும்.

மேஸ்திரி தண்டைக் கழற்றி எங்கள் காலடியில் வைத்துவிட்டு மூன்று எச்சரிக்கைகள் சொன்னார். இருவர் சுமையை ஒருவர் சுமப்பதால், வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தக் கூடாது. மணலில் இறங்கக் கூடாது. எக்காரணத்தைக் கொண்டும் லீவரை எடுக்கக் கூடாது. முதல் இரண்டையும் கவனமாகக் கேட்டேன். மூன்றாவதைச் சொல்லும்போது சட்டைப்பையில் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இறக்கத்தின் நடுவில் இளநீர் வண்டி ஒன்று நின்றது. பையனுக்குத் தாகம். ஜீப்பை ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, கைப்பிரேக்கை நன்றாக இழுத்தேன். நிறுத்தியபின் சிறிய லீவரை எடுத்துவிடுவது என் பழைய வழக்கம். அதையும் செய்துவிட்டுக் கீழே இறங்கினேன். இரண்டடி வைத்திருப்பேன். வண்டி நகர்ந்தது.

அதற்கு நேர் எதிரே இளநீர்க்காரியின் பெண்குழந்தை, ஓலை மட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று ஒரு கூச்சல். பையன் தன் இடத்திலிருந்தே காலை நீட்டிக் கால்பிரேக்கை மிதித்துவிட்டான். வண்டி குலுங்கி நின்றது. குழந்தைக்கும் அதற்கும் இடையே நான்கு முழம்கூட இல்லை. தாய் ஓடி வந்து குழந்தையை வாரிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தையும் சொல்லாமல் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. அந்தச் சிறு பெட்டியின் பின்புறத்தில், பின்தண்டு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தண்டு கழன்றபின் அது பிடித்ததெல்லாம் வெறும் மொட்டைக் கட்டையை. கியரும் அப்படியே. லீவர் விழுந்திருந்த வரையில் முன்சக்கரங்களாவது கட்டுப்பட்டிருந்தன. அதையும் நான் எடுத்துவிட்டேன். கால்பிரேக் மட்டும் தனி வழியில் நான்கு சக்கரங்களையும் பிடிப்பதால் பிழைத்தோம்.

பிறகு ஊருக்குள் நத்தைபோல் போனோம். 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய நகரம், மீண்டும் எழுந்தபோது நூல் பிடித்தாற்போன்ற வீதிகளுடன் எழுந்தது. வளைவுகள் குறைவு, எங்களுக்கு அதுவே பெரிய உபகாரம். திருப்பும்போது ஸ்டியரிங் கையை இழுத்தது. "முன்சக்கரம் இழுக்கும் வண்டி உலகத்தில் உண்டா, மாமா?" என்றான் பையன். பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் கம்பெனி 1934-லேயே அப்படி ஒரு காரைச் செய்து புகழ் பெற்றது என்றேன். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஆனால் அவை அப்படியே பிறந்தவை. எங்கள் ஜீப்போ பாதி உறுப்பை இழந்து அப்படி ஆனது. அந்த வித்தியாசத்தை மறந்ததுதான் என் பிழை.

கால்வாயைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தபோது மாலை ஆறு மணி. அதற்குமேல் அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குறுக்குத் தெரு ஒன்றில், சமதரையில், ஜீப்பை நிறுத்தினேன். லீவரைத் தொடவில்லை. பையன் எங்கிருந்தோ இரண்டு கருங்கற்களைப் பொறுக்கி வந்து சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்தான்.

காந்தி சிலையருகே உட்கார்ந்து காற்று வாங்கினோம். இருபது வருஷங்களாகப் பிள்ளைகளிடம், "கடைசி வரியையும் கவனி" என்று சொல்லி வருகிறேன். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. அது அவனுடைய பெருந்தன்மை.