சொட்டும் துளியின் விலை

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள் சென்னை வில்லிவாக்கத்திற்கு ஒரு சரக்குத் தொடர்வண்டி வந்து சேர்ந்தது. அதில் நெல் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஐம்பது தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் காவிரி நீர் இருந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து அது கொண்டுவரப்பட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டிருந்த காலம் அது. மயிலாப்பூர்த் தெருக்களில் நெகிழிக் குடங்கள் வரிசை பிடித்து நின்றன. மாம்பலம் ஏரி இருந்த நிலத்தில் 1920களில் எழுந்த தியாகராய நகர், தண்ணீர் லாரியின் வரவுக்குக் காத்திருந்தது. அந்நாளிலும் அதே நகரத்து வீடுகள் பலவற்றில், சரியாக மூடாத குழாய்கள் சொட்டிக்கொண்டுதான் இருந்தன.

ஒரு சொட்டு என்பது எவ்வளவு? ஏறத்தாழ இருபது சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் ஒரு நாளில் 86,400 சொட்டுகளை உதிர்க்கும். அது நான்கு லிட்டருக்கும் மேல். ஓராண்டில் 1,500 லிட்டரைக் கடந்துவிடும். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் நூறு குடங்களுக்கும் மேல். இலட்சம் வீடுகளில் வீட்டுக்கொரு குழாய் இவ்வாறு சொட்டினால், ஆறே நாள்களில் அந்தத் தொடர்வண்டி சுமந்து வந்த நீர் முழுவதும் வீணாகும்.

ஆயினும் இவ்விழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை. சென்னையின் பெரும்பாலான வீடுகளில் நீரை அளக்கும் கருவி இல்லை, கட்டணமோ மாறாதது. எனவே ஒழுகிய நீர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால், அத்துளிக்கு வேறொரு கணக்கு உண்டு. அது 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாய்வழி வந்த நீராக இருக்கலாம். அடையாறு போன்ற தென்சென்னைப் பகுதியாயின், 2013இல் தொடங்கப்பெற்ற நெம்மேலி நிலையத்தில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீராகவும் இருக்கலாம். ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் தேவை. வீட்டிற்கு வந்த பின்னும், தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு அதனை ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். இத்தனை உழைப்பும் செலவும் ஒரு நொடியில் சாக்கடையில் சேர்கின்றன.

வீடும் தன் பங்கிற்கு விலை கொடுக்கிறது. சுவர் ஈரமேறிச் சுண்ணம் உதிர்கிறது. தரையில் பாசி படர்கிறது. தேங்கும் நன்னீரில் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. குழாயின் கீழ் வாளி ஒன்றை வைத்துவிட்டால் சிக்கனம் செய்துவிட்டதாக மனம் அமைதி கொள்கிறது. இரவில் வாளி நிரம்பி வழிவதை அம்மனம் அறிவதில்லை. சிலர் கைப்பிடியை மேலும் மேலும் இறுக்குவர். அதனால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கும். சொட்டு ஒழுக்காக மாறும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் புதிய வாஷரே உரிய தீர்வு. அதனை மாற்றக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரம்தான் 'நாளை' என்று தள்ளிப்போகிறது.

அந்த 'நாளை'யை ஏற்க மறுத்தவர் ஆபித் சூர்த்தி. எழுத்தாளர், ஓவியர். மும்பையில் கழிந்த இளமையில், ஒரு வாளி நீருக்காகத் தம் தாய் விடியற்காலையில் வரிசையில் நின்றதைக் கண்டவர். நண்பர் வீட்டில் சொட்டிய குழாயின் ஓசை அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. 2007இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், குழாய் பழுதுபார்க்கும் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் மும்பையை அடுத்த மீரா சாலையில் வீடு வீடாகச் சென்றார். ஒழுகும் குழாய்களைக் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுத்தார். அரசின் ஆணை எதுவும் அவரை அனுப்பவில்லை. தாய் நின்ற வரிசை அவர் நினைவில் இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

சென்னைக்கும் அத்தகைய நினைவு ஒன்று உண்டு. தொடர்வண்டியில் தண்ணீர் வந்த கோடையை இந்நகரம் வாழ்ந்து கடந்திருக்கிறது. மழை பெய்து ஏரிகள் நிறைந்ததும் அது மறந்துபோகிறது. நள்ளிரவில் சமையலறையிலிருந்து எழும் சொட்டொலியைக் கேட்டு எழுந்து செல்பவர், மறுநாள் மறவாமல் வாஷரை மாற்றுபவர், அந்தக் கோடையை மறக்காதவர்.