சீழ் எங்கிருந்து வந்தது?

விலா இடுக்கில் புரோபை வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பேன். கல்லீரலின் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம் தெரியும்; அதற்குள் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மிதக்கும். அந்த இடத்தில் லேசாக அழுத்தினாலே நோயாளி முகம் சுருங்கிவிடும். பெங்களூரு ஸ்கேன் அறைகளில் கல்லீரல் சீழ்க்கட்டி அபூர்வமல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, நுனி சுருண்ட பிக்டெயில் குழாயை உள்ளே விட்டால் சீழ் இறங்கும். கைவேலை அதோடு முடிந்தது. அது ஏன் வந்தது என்று துருவிக் கேட்பதுதான் எங்கள் தொழிலின் கடினமான பாதி.

சீழ் பழுப்புச் சிவப்பாக, நாற்றமில்லாமல் வந்தால் அமீபாவைச் சந்தேகிப்போம். குடிப்பழக்கமுள்ள நடுவயது ஆண்களிடம் அது அதிகம். மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, கல்ச்சருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

1938இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆக்ஸ்னரும் சகாக்களும் பாக்டீரியாச் சீழ்க்கட்டி பற்றி எழுதியபோது குடல்வால் அழற்சிதான் முதன்மைக் காரணம். குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குத்தானே போகிறது! இன்று அந்த இடத்தைப் பித்தநாள அடைப்பு பிடித்துக்கொண்டது: கல், புற்றுநோய், வைத்துவிட்டு மாற்ற மறந்த ஸ்டென்ட்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது சர்க்கரை நோய். "சுகரெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்பார் ஓசூரிலிருந்து வந்தவர். "கடைசியா எப்போ பாத்தீங்க?" என்றால் பதில் வராது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.5 சதவீதத்தைத் தொட்டாலே நீரிழிவு. சிலருக்கு 11, 12 என்று வரும். சீழ் கட்டிய பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிகிறது. சர்க்கரை ஏறிய உடம்பில் வெள்ளையணுக்கள் கிருமியைச் சரியாக அழிப்பதில்லை. தைவான் மருத்துவர்கள் 1980களில் அடையாளம் காட்டிய கிளெப்சியெல்லா பாக்டீரியா வகை இவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. ரத்தத்தில் பரவிக் கண்ணுக்குள் போனால் பார்வையே பறிபோகலாம். அதனால், "கண்ணு மங்குதா?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

உடுப்பி, மங்களூர்ப் பக்கத்து ஆளென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: மழைக்காலத்தில் வயலில் இறங்கினீர்களா? கரையோரக் கர்நாடகத்தின் மண்ணிலும் நீரிலும் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமியும் கல்லீரலில் சீழ் கட்டும். 1912இல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் முதலில் விவரித்த நோய் இது. இதற்கும் சர்க்கரைக்காரர்களே எளிய இலக்கு. சீழை எடுத்தால் போதாது. மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும்.

சர்க்கரை உள்ளவருக்குக் குளிர்காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றே ஒரு ஸ்கேன் எடுங்கள். காரணம் எதுவும் பிடிபடவில்லையா? வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டதா? கட்டி ஆறியதும் கொலனோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பெருங்குடல் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது.